துள்ளாத குச்சி

வாத்து வேட்டைக்காக வடக்கு டகோட்டாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லாச் சாமானையும் வெர்லினுடைய கராஜில் பரப்பிவைத்துப் பார்ப்பது அந்த மூன்று நண்பர்களின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, ரேடியோவில் கால்பந்து ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். டுவேன் தன் டிரக்கைப் பின்பக்கமாக ஓட்டிவந்து, டிரெய்லரைக் கராஜ் வாசலில் நிறுத்துவான். வெர்லின் பழைய தார்ப்பாய் ஒன்றைத் தரையில் விரித்து, எது எங்கே வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே நடப்பான். மற்ற இருவரும் சொன்ன இடத்தில் வைப்பார்கள். அதில் எதிர்ப்பேச்சு கிடையாது. வேறு மாநிலத்தில், ஆளரவமில்லாத கோதுமைக் காட்டுக்கு நடுவே, மறந்துபோன ஒரு திருகாணிக்காக ஐம்பது மைல் ஓடவேண்டிவந்த அனுபவம் மூன்று பேருக்குமே உண்டு.

ரோலி அன்று கடைசியாகத்தான் வந்தான். அவன் வீடு நாலு வீடு தள்ளித்தான். ஆனாலும் சுற்றிக்கொண்டு, தபால் ஆபீஸ் வரை போய்த் திரும்பி வந்தான். வலது கை கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை. பைக்குள் கைக்குட்டையில் சுற்றி ஓர் இரும்பு ஊசி இருந்தது. விரல் நீளம் இருக்கும். வெர்லினுடைய துப்பாக்கியின் சுடும் ஊசி. அது உள்ளே இல்லாவிட்டால் விசையை எத்தனை தரம் இழுத்தாலும் தோட்டா வெடிக்காது. ஊசி தன்னிடம் இருப்பது ரோலிக்குத் தெரியும். வெர்லினின் மனைவி மார்லிஸுக்கு அரைகுறையாகத் தெரியும். வெர்லினுக்குத் தெரியாது. தெரியாமலே போய்த் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் காலையில் சர்ச்சில் மண்டியிட்டபோதுகூட ரோலியின் வேண்டுதலாக இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நடந்ததுதான் இதற்கெல்லாம் காரணம். விஸ்கான்சினில் சீசன் திறந்த சனிக்கிழமை அது. ஊருக்குப் பக்கத்துச் சதுப்பில், நாணலுக்குள் மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாத்துக் கூட்டம் ஒன்று காற்றுக்கு எதிராகத் திரும்பி, இறக்கையை வளைத்து இறங்கப் பார்த்தது. வெர்லின் பையில் கைவிட்டு ஒரு தோட்டாவை எடுத்துத் துப்பாக்கிக்குள் போடப்போனான். ரோலி தற்செயலாகத் திரும்பினான். தோட்டா மஞ்சள் நிறம்.

சிறிய துப்பாக்கியின் தோட்டாவை மஞ்சளாகச் செய்வதற்குக் காரணமே இப்படி ஒரு தவறு நடக்கக்கூடாது என்பதுதான். பெரிய துப்பாக்கியில் அதைப் போட்டால் குழலுக்குள் வழுக்கிப்போய்ப் பாதிவழியில் சிக்கி நின்றுவிடும். போட்டவன் உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்து அதன் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுடுவான். குழலே பிளந்து, சுடுகிறவன் முகத்தையும் பக்கத்தில் இருப்பவன் முகத்தையும் கொண்டுபோய்விடும். அரைப்பார்வைக்காரன்கூட மஞ்சளைப் பார்த்ததும் கையை நிறுத்துவான். பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுத்து, ஒரு மஞ்சள் தோட்டாவையும் ஒரு சிவப்புத் தோட்டாவையும் தூக்கிக்காட்டி இதையே வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தவன் வெர்லின்தான். அவன் கையில் இருந்தது மகள் கிர்ஸ்டன் சிறுமியாக இருந்தபோது அவளுடைய சிறிய துப்பாக்கிக்காக வாங்கிய தோட்டா. அவள் அரிசோனாவில் குடியேறி, அவளுக்கே இப்போது நரை வந்துவிட்டது.

ரோலி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“என்னடா?” என்றான் வெர்லின்.

“ரொம்ப உயரத்துல இருக்குடா. இரு.”

தோட்டாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். வாத்துகள் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டன. வெர்லின் அவற்றைத் திட்டினான். அந்தப் பக்கம் இருந்த டுவேன் திட்டவில்லை; அவன் பார்த்துவிட்டான்.

படகைக் கரையேற்றியபோது டுவேன் ரோலியைத் தனியாக ஓரங்கட்டினான். “இதோ பாரு, நேரா சொல்லிடுவோம். டகோட்டாவுக்கு வா, துப்பாக்கிய மட்டும் வீட்ல வெச்சுட்டு வான்னு.”

“நீ சொல்றியா?”

“நீதானே அவனுக்கு நெருக்கம். கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவன் நீ. நான் வெறும் டிரெய்லர்க்காரன்.”

“சொன்னா அவன் வரவே மாட்டான்.”

“வராட்டிப் போறான். எனக்கு ஒரு பொண்டாட்டி இருக்கா, ஒரு நாய் இருக்கு, ரெண்டு கண்ணு இருக்கு. நாலும் எனக்கு வேணும், ரோலி.”

சொல்கிறேன் என்றான் ரோலி. சொல்லவில்லை. அந்த ஊரில் அப்படிப்பட்ட பேச்சுக்குப் பழக்கம் கிடையாது. வசந்தத்திலேயே டாக்டர் வெர்லினின் நோய்க்கு ஒரு பெயர் சொல்லிவிட்டார். மார்லிஸ் அந்தப் பெயரை ரோலியிடம் சொன்னது மளிகைக் கடையில், உறைந்த பட்டாணிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, பட்டாணிப் பாக்கெட்டைப் பார்த்தபடி. வெர்லின் தானாகச் சொன்னதெல்லாம் “இப்பல்லாம் கொஞ்சம் மறதி” என்பது மட்டும். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்றால் மோசமில்லை என்பது. பிறகு சோளம் எவ்வளவு விளைந்தது என்று பேசுவது. அப்படித்தான் அங்கே எல்லாரும் காலத்தைக் கடத்துகிறார்கள்.

வியாழக்கிழமை, வெர்லின் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், மார்லிஸே போன் செய்து ரோலியை வரச்சொன்னாள். துப்பாக்கி உறையோடு சமையலறை மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் அவள் சுட்டுவைத்த ஆப்பிள் கேக் ஆறிக்கொண்டிருந்தது.

“அவரைக் கூட்டிட்டுப் போங்க,” என்றாள். “அடுத்த வருஷம் நீங்க யாருன்னு தெரியுமோ தெரியாதோ. இந்த வருஷம் தெரியுது. ஆனா துப்பாக்கி வெடிக்கக்கூடாது, ரோலி.”

“துப்பாக்கிய எடுத்து ஒளிச்சு வெச்சிடலாமே, மார்லிஸ்.”

“ஒளிச்சு வெச்சா வீடு முழுக்கத் தேடுவார். செக்புக்கத் தேடி ரெண்டு நாள் தூங்கல. என்ன செய்வீங்களோ செய்யுங்க. என்ன செஞ்சீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது.”

அவன் துப்பாக்கியைத் தன் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய்க் குழலைக் கழற்றி, ஊசி உட்கார்ந்திருக்கும் உள்பூட்டை உருவி, அதைத் தட்டி எடுத்தான். மறுபடி எல்லாவற்றையும் பூட்டினான். பார்வைக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வெர்லின் திரும்பி வருவதற்குள் துப்பாக்கி அதன் அலமாரியில் இருந்தது. செய்தபோது ரோலிக்கு நல்ல காரியம் செய்வதாகத்தான் தோன்றியது. வெர்லின் விசையை இழுப்பான், வெடிக்காது, தோட்டா நமுத்துவிட்டது என்று நினைத்து அடுத்ததைப் போடுவான், அதற்குள் வாத்து போயிருக்கும். அவனும் நண்பர்களோடு இருந்ததாக ஆகும், யாருக்கும் ஆபத்தில்லை. ஊசியை வீட்டில் வைக்க மனசு வரவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கராஜில் வெர்லின் நல்ல உற்சாகத்தில் இருந்தான். முடிவெட்டியதில் காதுகள் பெரிதாகத் தெரிந்தன.

“வாடா ரோலி! உங்க வீட்டுக் கடிகாரத்த ஆத்துல போட்டுட்டியா?”

“வழியில பாதிரியார் பிடிச்சுக்கிட்டார்.”

“உன்னப் பிடிச்சு அவருக்கு என்ன லாபம்,” என்றான் டுவேன், டிரெய்லருக்குள்ளிருந்து. அவனுடைய கறுப்பு நாய் பிக்கிள் தார்ப்பாயின் நட்டநடுவில் படுத்துக்கொண்டு நகர மறுத்தது.

தண்ணீரில் மிதக்கவிட்டு நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்கும் பொம்மை வாத்துகளை முதலில் எண்ணிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றின் கயிறையும் ஈயக்குண்டையும் வெர்லின் விரலால் தடவிச் சோதித்தான். முடிச்சு தளர்ந்திருந்ததை அவன் கண் பார்க்கும் முன்னாலேயே அவன் விரல் கண்டுபிடித்தது. பிறகு மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டைகள். டுவேனுடையதில் முழங்காலில் ஓட்டை இருக்கிறதென்று போன வருஷமே சொன்னது வெர்லினுக்கு நினைவிருந்தது.

“ஒட்டினியா, இல்ல இந்த வருஷமும் ஐஸ் தண்ணில நின்னுக்கிட்டு மாதாவக் கூப்பிடப்போறியா?”

“ஒட்டிட்டேன், வாத்தியாரே.”

“எதால?”

“டேப்பால.”

“டேப்பால! ரோலி, இவன் டேப் ஒட்டின கால்சட்டையோட டகோட்டாவுக்கு வரான். இவனோட நாய் இவனவிட விவரமா இருக்கு, அது நீச்சல் தெரிஞ்சுக்கிட்டு வருது.”

மூவரும் சிரித்தார்கள். ரோலிக்கு ஒரு நிமிஷம் எல்லாம் பழையபடி இருப்பதாகத் தோன்றியது. பதுங்குகூடாரத் துணி, காஸ் அடுப்பு, சிறிய ஹீட்டர், அதற்குரிய சிலிண்டர், மான் இறைச்சி சாசேஜ் நிறைந்த ஐஸ் பெட்டி, மார்லிஸ் போட்ட முட்டை ஊறுகாய் ஜாடி. ஒவ்வொன்றுக்கும் வெர்லின் இடம் சொன்னான். எதையும் மறக்கவில்லை.

அதன்பிறகு லைசென்ஸ்களைப் பார்த்தார்கள். வாத்து வேட்டைக்காரன் ஒவ்வொருவனும் அரசாங்கம் விற்கும் வாத்து ஸ்டாம்ப் ஒன்றை வருஷா வருஷம் வாங்கி, அதன் மேல் மையால் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும். வெர்லின் பர்ஸைத் திறந்து தன்னுடையதை எடுத்தான். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று வந்தது. அதன் பின்னால் மூன்றாவது. மூன்றும் இந்த வருஷத்தது. மூன்றிலும் அவன் கையெழுத்து, ஒன்றைவிட ஒன்று கோணலாக.

“அரசாங்கத்துக்கு நன்கொடையா?” என்று டுவேன் ஆரம்பித்தான். பிறகு மீதியை விழுங்கிவிட்டு நாயைத் தடவத் தொடங்கினான்.

வெர்லின் மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டான். “சரி,” என்றான். “துப்பாக்கிங்களக் கொண்டாங்க. குச்சிய எடுக்கறேன்.”

ரோலி பைக்குள் கையை விட்டான்; ஊசி அங்கேயே இருந்தது.

குச்சி என்பது வெர்லின் கடைந்து செய்த ஒரு மரக்கோல். துப்பாக்கிக் குழலைவிடக் கொஞ்சம் நீளம், அடியில் ரப்பர். ஒரு வருஷம் டகோட்டாவில் முதல் நாள் காலையிலேயே டுவேனின் துப்பாக்கியில் சுடும் ஊசி முறிந்துபோனது. பக்கத்தில் துப்பாக்கி சரிசெய்கிறவன் யாருமில்லை; அந்தப் பயணம் முழுவதும் டுவேன் வேட்டைக்குப் போகாமல் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தான். அதிலிருந்து, கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் தன் துப்பாக்கியைத் திறந்து, காலியாக இருப்பதைப் பக்கத்திலிருப்பவனுக்குக் காட்டி, மூடி, நிமிர்த்திப் பிடிப்பான். வெர்லின் குழலுக்குள் குச்சியை இறக்குவான். விசையை இழுத்தால் ஊசி அடித்துக் குச்சி ஒரு விரற்கடை துள்ளும். துள்ளினால் துப்பாக்கி சரி.

போன வருஷம் வரை அப்படித்தான் நடந்தது. ஆனால் பேரன் பெயர் மறந்தவன், வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தரம் தவறான தெருவில் திரும்பியவன், குச்சியையும் மறந்திருப்பான் என்று ரோலி நினைத்துவிட்டான். போனதைப் பார்த்துப் பார்த்து, இருப்பது எது என்பதை அவன் கணக்கில் எடுக்கவே இல்லை.

டுவேனுடைய துப்பாக்கியில் குச்சி துள்ளியது. ரோலியுடையதிலும் துள்ளியது.

“இப்ப என்னோடது. ரோலி, நீ பாரு, காலி.”

“காலி,” என்றான் ரோலி. தன் குரல் தனக்கே யாருடையதோ போல் கேட்டது.

வெர்லின் விசையை இழுத்தான். தொப் என்று ஒரு சத்தம். குச்சி அசையவில்லை.

மறுபடி இழுத்தான். அசையவில்லை.

குச்சியை உருவிக் கீழே வைத்தான். மேசைக்குப் போய் விளக்கைப் போட்டான். கண் மூடித் திறப்பதற்குள் குழல் தனியே, உள்பூட்டு தனியே, திருகும் ஆணியும் வரிசை வரிசையாக ஒரு துணியின் மேல் வந்துவிட்டன. ஸ்டாம்பில் கோணலாகக் கையெழுத்துப் போட்ட அதே கை. பூட்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினான். எதுவும் விழவில்லை. விளக்குக்கு நேராகத் தூக்கித் துளைக்குள் பார்த்தான்.

“ஊசி இல்ல,” என்றான்.

“இல்லையா? எப்படி இல்லாமப்போகும்?” என்றான் டுவேன்.

“வசந்தத்துல கழட்டிச் சுத்தம் செஞ்சேன். செஞ்சேனா? செஞ்சேன். அப்பத்தான் விழுந்திருக்கணும்.” வெர்லின் மேசையடியில் பார்த்தான். “இங்கதான் எங்கயாவது இருக்கும். டுவேன், அந்தக் காந்தத்த எடு.”

டுவேன் உடனே முட்டி போட்டான். இந்த விஷயம் அவனுக்குத் தெரியாது. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று ரோலி அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவன் காந்தத்தை எடுத்துக்கொண்டு மேசைக்காலடியில் துழாவினான். வெர்லின் புல்வெட்டும் இயந்திரத்தை நகர்த்தி, அதன் பின்னால் தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். பரப்பியிருந்த தார்ப்பாயை ஒரு முனையிலிருந்து தூக்க, பொம்மை வாத்துகள் உருண்டன. நாய் எழுந்து நின்று எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தது. ரோலியும் முட்டி போட்டான். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு கையால் தரையைத் தடவினான். மறு கை பைக்குள் ஊசியைப் பிடித்திருந்தது.

“ஆணி கிடைச்சுது,” என்றான் டுவேன். “இன்னொரு ஆணி. வாஷர். வெர்லின், ஒரு டிராக்டரே சேர்த்துடலாம் போலிருக்கு. கவலப்படாத, ஊசி கிடைச்சிடும்.”

வெர்லின் எழுந்தான். கவிழ்த்துப்போட்ட பக்கெட் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் எண்ணெய்க் கறை. டுவேன் இயந்திரத்துக்குப் பின்னால் போயிருந்த நேரத்தில், ரோலிக்கு மட்டும் கேட்கிறமாதிரி பேசினான்.

“மார்லிஸ்கிட்ட சொல்லாதடா.”

“சொல்லல.”

“அன்னிக்கு மஞ்சத் தோட்டா. நீ பையில போட்டியே, நான் பார்த்தேன். ராத்திரி வந்து கோட்ட உதறினேன், இன்னும் மூணு இருந்துது. எப்ப போட்டேன்னு தெரியல.” அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். “பேரு மறக்குது, வழி மறக்குது, சரி. வயசு. ஆனா துப்பாக்கிய நான் தொட்டா அதுல ஒரு திருகுகூடத் தப்பாது. எங்கப்பா கடையில பத்து வயசுல உட்கார்ந்தவன்டா நான். இதுவும் போச்சுன்னா நான் எதப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது? நீயே சொல்லு.”

கராஜுக்கு வெளியே டிரக் ரேடியோவில் ஆட்டம் பார்க்கிற கூட்டம் ஆர்ப்பரித்தது. ரோலி தரையைப் பார்த்தான். ஊசியை இப்போது மேசையடியில் நழுவவிட்டு, இதோ கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். அப்படிச் செய்தால் துப்பாக்கி வெடிக்கும். பேசாமல் இருக்கலாம், அப்படி இருந்தால் தொலைத்தவன் தானே என்று வெர்லின் சாகும்வரை நம்புவான், அவனிடம் மிச்சமிருந்த ஒன்றையும் ரோலியே பறித்ததாக ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கும் என்று கொஞ்ச நேரம் முட்டி போட்டபடியே தேடினான். பிறகு கைக்குட்டையை வெளியே எடுத்தான்.

“நீ தொலைக்கல வெர்லின். என்கிட்ட இருக்கு.”

வெர்லின் கைக்குட்டையை விரித்து, ஊசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். முதலில் அவன் முகம் அப்படியே தெளிந்தது. நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியவன் போல ஒரு மூச்சு விட்டான்.

“அப்ப நான் தொலைக்கல.”

“இல்ல.”

“நான் சரியாத்தான் மாட்டி வெச்சிருந்தேன்.”

“ஆமாடா.”

அதற்கப்புறம்தான் மற்றது அவனுக்கு எட்டியது. எட்டுவதை ரோலி பார்த்துக்கொண்டே இருந்தான். தெளிந்த முகம் மெதுவாக மூடிக்கொண்டது.

“எப்ப எடுத்த?”

“வியாழக்கிழம.”

“மார்லிஸுக்குத் தெரியுமா?” ரோலியின் பார்வை வீட்டுப் பக்கம் போனது. “ம். அஞ்சு நாளும் நான் டொக்கு டொக்குன்னு இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்ப. அப்படித்தானே?”

“நீ வரணும்னுதான்டா...”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே, ரோலி.”

டுவேன் காந்தத்தோடு எழுந்து நின்றான். இயந்திரத்துக்குப் பின்னாலிருந்தே முழுவதையும் கேட்டிருந்தான். “நான் அன்னிக்கே...” என்று ரோலியைப் பார்த்து வாயெடுத்தவன், காந்தத்திலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான்.

வெர்லின் ஊசியைத் துடைத்து, எண்ணெயிட்டு, அதன் இடத்தில் மாட்டினான். உள்பூட்டு, குழல், எல்லாவற்றையும் பூட்டினான். துப்பாக்கியைத் திறந்து காட்டினான், டுவேனிடம். “காலி,” என்றான் டுவேன். குச்சியை இறக்கி விசையை இழுத்தான். குச்சி நன்றாகத் துள்ளியது. துப்பாக்கியை மேலிருந்து கீழ்வரை எண்ணெய்த் துணியால் துடைத்து, சுவரோர இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை டுவேனின் கையில் கொடுத்தான். ரோலி அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றான். டுவேன் தள்ளி நின்றான். அவ்வளவு தூரம் நடந்துபோய்க் கொடுத்தான்.

“இது வரல,” என்றான். “நான் வரேன். பொம்மைங்கள நான் வெக்கறேன், வாத்தக் கூப்பிடற ஊதல நான் ஊதறேன். இப்ப அந்த ஹீட்டர உள்ள ஏத்துங்க, படுக்க வெச்சு ஏத்தாதீங்க.”

மிச்சச் சாமானை ஏற்றி முடிக்கும்வரை அவன் ரோலியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோலியும் பேச முயலவில்லை. இது தகும் என்று நினைத்துக்கொண்டான். கோபம் டகோட்டா போகும் வழியில் கொஞ்சம் ஆறும், முதல் நாள் காலையில் வாத்து இறங்கும்போது மீதியும் ஆறும், ஐம்பது வருஷச் சிநேகம் இதைத் தாங்கும். இப்படி ஏதேதோ சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் வெளுக்கும் நேரத்தில் டிரக் வெர்லின் வீட்டு முன்னால் நின்றது. புல்லெல்லாம் உறைபனி. பிக்கிள் ஏற்கெனவே பின்சீட்டில் ஏறி மூச்சுவிட்டுக் கண்ணாடியை மங்கலாக்கிக்கொண்டிருந்தது. மார்லிஸ் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு காப்பி ஃப்ளாஸ்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. ரோலி அவளைப் பார்க்க, அவள் டிரெய்லரைப் பார்த்தாள்.

கராஜ் கதவு மேலே ஏறியது. வெர்லின் வெளியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“வாடா ரோலி! உங்க வீட்டுக் கடிகாரத்த ஆத்துல போட்டுட்டியா?” என்று அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். “இங்க வா, ஒரு நிமிஷம். நம்ம குச்சி வெச்சுப் பார்த்துடலாம். என் துப்பாக்கி அலமாரியில இருக்கு, சாவியக் காணோம். மார்லிஸ் எங்கயோ வெச்சுட்டா. நீ பார்த்தியா?”

ரோலிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது, முதலில் வந்தது நிம்மதி. அதற்காகப் பின்னால் வெகுநாள் வெட்கப்பட்டான். வெர்லினைப் பொறுத்தவரை நேற்று நடந்தது எதுவும் நடக்கவில்லை. அந்த உள்ளங்கையும் அந்த முகமும் கழுவித் துடைத்தாகிவிட்டது. அவன் மன்னிக்கப்படவில்லை, ஆனால் மன்னிக்கவேண்டியது எதுவுமே இல்லாத ஆளாக நின்றான்.

டுவேன் டிரக்கைச் சுற்றிக்கொண்டு வந்தான். நேராகச் சொல்லிவிடுவோம் என்று சொன்ன டுவேன். அவன் ரோலியின் காதோரம் குனிந்தான். “டிரெய்லர்ல ஏத்தியாச்சுன்னு சொல்லிடு. அங்க போய்ப் பார்த்துக்கலாம். இன்னொரு தரம் அந்த மூஞ்சிய என்னால பார்க்க முடியாதுடா.”

சொல்வது சுலபம். வெர்லின் நம்புவான். சிரித்துக்கொண்டே முன்சீட்டில் ஏறி, மடியில் வரைபடத்தை விரித்து, வழி முழுக்க டுவேனின் டேப் ஒட்டிய கால்சட்டையைக் கேலி செய்துகொண்டு வருவான். டகோட்டா போய்ச் சேரும்வரை போதும். சேர்ந்தபிறகு இன்னொரு பொய். ஊசியை உருவி எடுத்த கைக்கு அதொன்றும் பெரிய வேலையில்லை.

“வெர்லின்,” என்றான் ரோலி. “உன் துப்பாக்கி வரல. சாவி டுவேன்கிட்ட இருக்கு. நீதான் கொடுத்த, நேத்து.”

“நானா? எதுக்கு?”

ரோலி சொன்னான். மஞ்சள் தோட்டாவிலிருந்து ஆரம்பித்து, வியாழக்கிழமை, கைக்குட்டை, ஊசி, தரையில் தேடியது என்று எதையும் விடாமல், உறைபனிப் புல்லில் நின்றபடி சொன்னான். வெர்லின் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறான். முகம் நேற்றைப்போலவே மெதுவாக மூடிக்கொண்டது. தெளிவு மட்டும் இந்தத் தடவை வரவில்லை; ஊசியைத் தொலைத்துவிட்டதாக இன்று அவன் பயந்திருக்கவில்லை.

“கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே, ரோலி,” என்றான்.

“தெரியும்டா.”

வெர்லின் கராஜுக்குள் திரும்பிப் பார்த்தான். உள்ளே போய்விடுவான் என்று மூன்று பேரும் நினைத்தார்கள். போகவில்லை. மேசையிலிருந்து குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். முன்சீட்டுக் கதவை ரோலி திறந்து பிடித்திருந்தான். அதைத் தாண்டிப்போய்ப் பின்கதவைத் திறந்து, நாயை நகர்த்திவிட்டு, குச்சியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து உட்கார்ந்தான். மார்லிஸ் கண்ணாடியைத் தட்டினாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

டுவேனின் டிரக்கை வழக்கம்போல ரோலிதான் ஓட்டினான். டுவேன் முன்சீட்டில், தனக்குப் பழக்கமில்லாத வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தான். ஊர் முடிந்தது. தானியக் கிடங்குகள் முடிந்தன. மிசிசிப்பிப் பாலத்தின் மேல் ஏறியபோது கீழே நீரெல்லாம் சாம்பல் நிறம். கரையோரத்தில் வாத்துகள் கறுப்புப் புள்ளிகளாகக் கிடந்தன. பாலத்தின் அந்த முனையில் மினசோட்டா தொடங்குகிறது.

பின்னாலிருந்து வெர்லின் முன்னால் சாய்ந்தான். குரலில் பழைய உற்சாகம்.

“ஏய் ரோலி, என் துப்பாக்கிய ஏத்தினோமா?”

டுவேன் வரைபடத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ரோலி கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினான். “உன் துப்பாக்கி வரல, வெர்லின்,” என்றான்.